இரவு பத்துக்கு மேல்

பகலில் ரத்தம் எடுத்துப் பயனில்லை.
புழுக்கள் அப்போது நுரையீரலில் பதுங்கியிருக்கும்,
ஊர் படுத்த பின்தான் விரல்நுனிக்கு வரும்.
அதனால் எங்களுக்கும் இரவு வேலை.
கெடிலக்கரைத் தெரு நாய்கள்
என்னையும் சம்மனசையும் பார்த்துக் குரைப்பதை நிறுத்தி
நாலு வருஷம் ஆகிறது.

"மூணு சொட்டுதாம்மா."
"இருக்கிறதே மூணு சொட்டு" என்று
விரலை நீட்டுகிறாள் பச்சைவாழி.
வலது காலுக்கு ஆறாம் நம்பர் செருப்பு.
இடது காலுக்குப் பத்து, அதுவும் வாரை அறுத்து.
ஜோடி ஜோடியாக வாங்கிப் பாதியைக்
கட்டிலடியில் போட்டு வைத்திருந்தாள்,
முதுநகர் மீன் மார்க்கெட்டில்
வலது கால் வீங்கிய தெரசாளைப் பார்க்கும்வரை.
இப்போது கடைக்குச் சேர்ந்தே போகிறார்கள்.
ரெண்டு ஜோடி;
ஆளுக்கு ஒரு சின்னது, ஒரு பெரியது.
கடைக்காரர் ஏனென்று கேட்பதில்லை.
வேட்டியைத் தரை தொடக் கட்டுகிறவர் அவர்.

அடுத்த வீட்டில்
நாளை மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள்.
இந்த ஊர்ப் பெண் என்றால்
முகத்துக்கு முன்னால் கணுக்கால் பார்ப்பார்கள்.
"கண்ணாடியில பேர் எழுதாதீங்கக்கா."
நம்பர்தான் எழுதுவோம் என்கிறேன்.
சொல்லச் சொல்லக் கேட்காமல்
ஈர ரத்தத்தை ஊதிக்கொண்டே இருக்கிறாள்.

வாசலில் சாக்கடை,
தெரு நீளத்துக்கும், நகராமல்.

ரெண்டு மணிக்கு வீடு.
செருப்பைக் கழற்றி
வார் அழுந்திய தடத்தின் மேல் டார்ச் அடித்து
அது மறைகிறவரை பார்த்திருப்பேன்.
இன்றைக்குக் கொஞ்சம் நேரமாகிறது.
நின்றுகொண்டே இருந்த கால்.
சம்மனசுக்கும் அப்படித்தானாம்,
போன வாரம் சொன்னாள்.