இடக்கைக் கல்யாணம்

வைட்டர்ஷ்டைன் கோட்டையின் சிற்றாலயத்தில்
காலை ஆறு மணிக்கு எங்களுக்குக் கல்யாணம்.
மணி அடிக்கவில்லை. அடிக்கக் கூடாதென்று
ஐந்தாம் பிரிவில் எழுதியிருந்தது.
சாட்சிக்கு இருவர்: காட்டுக் காவலர் ஒருவர்,
பல்வலியோடு வந்திருந்த வழக்கறிஞர் ஷ்மேல்ட்சர்.

இடது கையை நீட்டுங்கள் என்றார் போதகர்.
எகோனுக்குச் சொன்னது அது.
பழக்கதோஷம், நானும் இடது கையையே நீட்டிவிட்டேன்.
பிறவியிலேயே இடக்கைக்காரி நான்.
அஞ்சல் நிலையத்தார் மகளென்றும் பாராமல் பள்ளியில்
அந்தக் கையை பெஞ்சுக் காலோடு கட்டிவைத்து
ஆண்டவர் பெயரை வலக்கையால் எழுதப் பழக்கினார்கள்.

இரண்டு இடக்கைகளும் நடுவில் முட்டிக்கொண்டு
எது எதைப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றன.
எகோன் சிரித்துவிட்டார்.
போதகர் இருமினார்.
ஷ்மேல்ட்சர் தாடையைப் பிடித்துக்கொண்டே
"இதற்குப் பிரிவு இல்லை" என்றார்.

எனக்கு ஒரு பெயர் தைத்துக் கொடுத்தார்கள்:
ஏர்லன்பாக் சீமாட்டி.
ஏர்லன்பாக் என்று ஊர் எதுவும் கிடையாது.
பன்றிப் பட்டிக்குப் பின்னால் போகிற வாய்க்கால்.
ஆகஸ்டில் அதுவும் போகாது.

பெரிய விருந்து நாட்களில்
எனக்கு மாடியில் சாப்பாடு.
அறுபத்திரண்டு படி ஏறி வரும் சூப்
ஏடு படிந்து வரும்.
கீழே நாற்காலிகள் நகரும் ஓசையை வைத்து
யார் யாருக்கு முன்னால் எழுந்தார்கள் என்று
நானே கணக்குப் பார்த்துக்கொள்வேன்.

தூதர் ஒருவர் கேட்டாராம்:
மேன்மை தங்கியவருக்கு எத்தனை பிள்ளைகள்?
இரண்டு, என்றிருக்கிறார் எகோன்.
எவருமில்லை, என்று திருத்தியிருக்கிறார்
அரண்மனை மேலாளர், மிகவும் பணிவாக.
அன்றிரவு இதைச் சொல்லிவிட்டு
என் கட்டிலின் ஓரத்தில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்த எவருமில்லாதவர்கள்
ஓவியக் கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.
சட்டமிட்ட பதினோரு இளவரசர்களின் அதே வளைந்த மூக்கோடு
மகன் தும்மினான்.
மகள் க்ரெஸென்ஸ் மட்டும் என் பக்கம்,
எந்தக் கையில் கரண்டி கொடுத்தாலும்
மறு கைக்கு மாற்றிக்கொள்வாள்.

பிப்ரவரியில் எகோன் போனார். மூன்றே நாள் காய்ச்சல்.
கைப்பிடித்தவரின் பெட்டிக்குப் பின்னால்
எனக்கு மூன்றாம் வரிசை.
முதல் வரிசையில்,
ஏழு தலைமுறைக்கு முன் பிரிந்த கிளையிலிருந்து
ரயிலேறி வந்த பொமெரேனியத் தாயாதி.
கெட்டவர் என்று சொல்ல முடியாது.
எந்தக் கதவு தேய்ந்து தரையை உரசும் என்று தெரியாமல்
ஒவ்வொன்றையும் இரண்டு முறை தள்ளினார்.
குதிரைகளின் பெயரை என்னிடம்தான் கேட்டார்.

பிறகு ஷ்மேல்ட்சர் காகிதத்தோடு வந்தார்,
பல்லெல்லாம் போய், குரல் மெலிந்து.
நானும் என் வயிற்றில் பிறந்தவர்களும்
கோட்டை, காடு, வெள்ளிப் பாத்திரம், மீன்குளம் என
எதன் மீதும் உரிமை கோர மாட்டோம்
என்பதை முழுவதும் என் சொந்தக் கையால் எழுத வேண்டும்.

எழுதினேன்.
இடக்கையால் எழுதுவதில் ஒரு தொல்லை:
கை எழுத்தின் மேலேயே நகரும்,
மை காயும் முன் உள்ளங்கை அதைத் துடைத்துக்கொண்டு போகும்.
பாதி பக்கம் கரும்புகை.
வலக்கையால் இன்னொரு பிரதி, என்றார் ஷ்மேல்ட்சர்.
அந்தக் கைக்கு இந்த வீட்டில் யாரையும் தெரியாது,
என்றேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
மணலைத் தூவி, மடித்து எடுத்துக்கொண்டார்.

வண்டியில் க்ரெஸென்ஸ் என் கையைத் திருப்பி
சுண்டுவிரலுக்குக் கீழே படிந்திருந்ததை
ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாக
எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தாள்.
மீன்குளம் வரைக்கும் படித்துவிட்டாள்.