வெட்டுக்கிளியில் இறங்க வேண்டும்

தெவாக்கானில் வெள்ளி இரவு ஏறிய பேருந்து
விடியலில் எங்களை மெக்சிக்கோ நகரில் உதறியது.
எலெயுதேரியோவின் சட்டைப்பையில்
மின்கட்டண ரசீது; அதன் முதுகில்
பதினோரு இடங்கள், பதினோரு நேரங்கள்.
ஒன்றே காலுக்குக் கழிப்பறை. ஐந்து நிமிடம்.
லாரி எடைமேடையில் கணக்கெழுதும் ஆள்,
வேறெப்படி ஊர் சுற்றுவார்.

இந்த ஊர் மெட்ரோவில்
நிலையத்துக்கு ஒரு படம்.
எழுத்தோடு பழக்கமில்லாதவரும் இறங்கிக்கொள்ளலாம்.
நாங்கள் ஏறும் இடம் ரயில் எஞ்சின்.
அடுத்தது வாத்து. அப்புறம் ஆப்பிள் பெட்டி.
அதற்கடுத்தது கோயில்.
ரயிலுக்குத் தோண்டும்போது அகப்பட்ட
காற்றுக் கடவுளின் சின்ன வட்டக் கோயில்,
நிலையத்துக்குள்ளேயே நிற்கிறதாம்.
"பட்டியலில் முதல் இடம், காசில்தா.
கூட்டத்தில் பிரிந்தால் அங்கேயே நில்."
நாற்பத்தெட்டு வயதில் நான் தொலையவா, என்று சிரித்தேன்.

ஆரஞ்சு ரயில் வந்தது.
நான் ஏறிவிட்டேன்.
அவர் நடைமேடையில் நின்று
ரசீதையும் சுவர் வரைபடத்தையும்
ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கதவு மூடியது.
கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் திறந்தது,
ஒரு சத்தமும் வரவில்லை.
பணமும் போனும் என் பையில்.
பட்டியலும் பயண அட்டையும் அவரிடம்.

வாத்து போனது. ஆப்பிள்கள் போயின.
கோயில் வந்தது, கதவு திறந்தது.
என் கால் எழவில்லை என்றால் பொய்.
எழுந்தது.
பிறகு உட்கார்ந்துகொண்டது.

வெட்டுக்கிளிப் படம் வந்தபோதுதான் இறங்கினேன்.
வெளியே காடு மாதிரிப் பூங்கா, நடுவில் ஏரி,
மிதிபடகுக்கு வரிசை.
எனக்கு முன்னால் வெள்ளைச் சீருடையில் ஒருத்தி திரும்பினாள்:
"தனியாகப் போனாலும் முழு வாடகைதான்.
பாதி நீங்கள் தருகிறீர்களா?"
பெயர் நெரெய்தா. மருத்துவமனையில் இரவு வேலை முடிந்து
நேராக இங்கே வந்திருக்கிறாள்.
நான்கு மிதி மிதிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.
தூக்கத்திலும் அவள் கால்கள் மட்டும்
பணியில் இருந்தன.

என் கால்களைப் பார்த்தேன்.
பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வைத்தபடி
தையல் இயந்திரத்தை இருபது வருடம் மிதித்தவை.
ஓரடி நகர்ந்ததில்லை.
இப்போது மிதிக்க மிதிக்கக்
கரை தள்ளிப் போகிறது!
குன்றின் மேல் கோட்டை,
பட்டியலில் நான்காவது, பதினொன்று நாற்பது.
நான் அதைத் தண்ணீரில் தலைகீழாகப் பார்த்தேன்.
ஒரு வாத்து அதன் கோபுரத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
படகின் அடியில் தண்ணீர் கசிந்தது,
அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு மேல்தான்
மனசாட்சிக்குப் பசித்தது.
இரண்டு த்லாகோயோ பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு
கோயில் நிலையத்துக்குப் போனேன்.

கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.
காலையிலிருந்து அங்கேயே.
பத்து இடங்களையும் விட்டுவிட்டு.
திட்டுவார் என்று தோளைக் குறுக்கினேன்.
பொட்டலத்தைப் பிரித்து மென்றபடியே பேசினார்:
அலமாரிக் கண்ணாடியை இருவர் தூக்கிப் போனார்களாம்,
அதற்குள் கோயில் படியேறிப் போனதாம்.
செருப்பைக் கையில் பிடித்து ஓடிய மணப்பெண்.
பதினேழு கிட்டார், ஒரு டிரம்.
ஒருவரும் நின்று கோயிலைப் பார்க்கவில்லை,
மதியம் இரண்டு மணிக்கு ஒரு நாயைத் தவிர.
எல்லாம் ரசீதின் ஓரத்தில்
நேரத்தோடு எழுதியிருந்தது.

"நீ எங்கே போனாய்?"
"வழி தவறிவிட்டது."
என் ஈரக் காலணிகளைப் பார்த்தார்.
அதன் விளிம்பில் பாசி.
ஒன்றும் கேட்கவில்லை.

இரவு விடுதியில் விளக்கை அணைத்த பிறகு
பட்டியல் மடியும் ஓசை கேட்டது.
"நாளை மாலை ஆறு மணிக்குப் பேருந்து," என்றார்.
"பத்து இடம் மிச்சம்."
தெருவில் சோளம் விற்பவன் மணி அடித்துப் போனான்.
உறங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"அந்த ஏரிக்கு
எந்தப் படத்தில் இறங்க வேண்டும்?"

நான் ஏரி என்று சொல்லவே இல்லை.

"வெட்டுக்கிளி," என்றேன்.