ஞாயிறு, பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை

முதலில் வாங்கினோம். பிறகு விற்கலாம் என்றிருந்தோம்.
எண்பத்தொன்பதில் கோட்கா நகரத்தில்
எல்லாரும் செய்த வரிசை அதுதான்.
"ஒரு வாரத்தில் போய்விடும்" என்றான் தரகன் ஹெய்மோ.
காருக்குள்ளேயே டெலிபோன் வைத்திருந்தான்.
அப்போது அது பொய்யில்லை.
எங்கள் எதிர்வீடு
ஊற்றிய காபி ஆறுவதற்குள் கைமாறியது.

முதலில் விலை கேட்டு வந்த மனிதரை
இன்னும் இருபதாயிரம் மார்க்கா வேண்டுமென்று
திருப்பி அனுப்பியது நான்.
ஔலிஸ் இதுவரை ஒருமுறைகூட
அதைச் சொல்லிக்காட்டவில்லை.
சொல்லியிருக்கலாம்.

ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
எங்களுக்கு மூன்றாம் மாடியில் ஒரு கால்,
ஆப்பிள் மரத்தடியில் ஒரு கால்,
இரண்டுக்கும் வட்டி.
செய்தித்தாளில் இதற்குப் பேரே வைத்துவிட்டார்கள்,
இரண்டு வீட்டுப் பொறி என்று.
எலிப்பொறியிலாவது
உள்ளே எதையாவது வைத்திருப்பார்கள்.

கிழக்கே ஒரு நாடு கலைந்தது.
துறைமுகத்துக் கிரேன்கள்
கழுத்தை நீட்டியபடி சும்மா நின்றன.
ஔலிஸுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை என்றார்கள்,
அப்புறம் இரண்டு.
வங்கியில் திருமதி சார்னியோ
முன்பெல்லாம் எழுந்து நின்று கை கொடுப்பாள்.
இப்போது கால்குலேட்டரை
எங்கள் பக்கம் திருப்பிவைக்கிறாள், அவ்வளவுதான்.
பேசவேண்டியதை அது பேசிக்கொள்ளும்.

ஏலக்காய் போட்ட பன் வாசம் அடித்தால்
வீடு விலைபோகும் என்று யாரோ சொல்ல,
ஒவ்வொரு ஞாயிறும் மாவு பிசைந்தேன்.
பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை
காலி வீட்டில் விளக்கையெல்லாம் போட்டுவிட்டு,
லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறதென்று
காது கொடுத்துக் கேட்டபடி.
எப்போதும் இரண்டாம் மாடி.
ஒன்றரைக்கு பன்களைத் துணியில் மூடி
பஸ் ஏறுவேன்.
திங்கள் முதல் சனி வரை அதைத்தான் தின்றோம்.
வீட்டின் விலை இறங்க இறங்க
எங்கள் எடை ஏறியது.

தொண்ணூற்றுமூன்று பிப்ரவரியில்
லிஃப்ட் மூன்றில் நின்றது.
ஹெய்மோ.
பஸ்ஸில் வந்திருந்தான்.
பனி நனைந்த ஷூக்களைக் கழற்றி
சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்தான்.
நான் முந்திக்கொண்டு, "இப்போதெல்லாம்
உங்கள் கம்பெனியில்..." என்று தொடங்க,
"கம்பெனி இல்லை" என்றான்,
"எனக்குத்தான் பார்க்கிறேன்."

குழாயைத் திறந்தான், மூடினான்.
அலமாரிக்குள் தலையை நுழைத்து மோந்து பார்த்தான்.
என்ன சொல்வதென்று தெரியாமல்,
"காலை வெயில் நேரே சமையலறைக்கு வரும்" என்றேன்.
அவன் சிரித்துவிட்டான்.
அன்று அந்த வாக்கியம் அவனுடையது.
சமையலறை வடக்குப் பார்த்தது,
இருவருக்குமே தெரியும்.

விவாகரத்தில் பங்கு பிரித்த பெரிய வீட்டின்
பாதி விலையில் பாதி
அவன் கையில் இருந்தது.
அதைச் சொன்னான்.
நான் அன்று திருப்பி அனுப்பிய தொகையில்
சரிபாதிக்கும் கொஞ்சம் கீழே.
"இன்னும் இரண்டாயிரம்?"
பழைய நாக்கு, கேட்டுவிட்டது.
"காபி இருக்கிறதா?" என்றான்.
மூன்று பன் தின்றான்.
நாலாவதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

வீடு போனது.
மிச்சக் கடன் எங்களோடு வந்துவிட்டது.
இனி அதற்கு ஒரே முகவரி.

போன ஞாயிறு பழக்கதோஷத்தில்
மறுபடி மாவு பிசைந்துவிட்டேன்.
மணி பன்னிரண்டு. என்ன செய்வது,
இந்த வீட்டுக் கதவைத் திறந்து வைத்து நின்றேன்.
ஔலிஸ் ஆப்பிள் மரத்துப் பக்கமிருந்து வந்து
ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு,
வாங்க வந்தவன்போல
சுவரை இரண்டு தட்டு தட்டினான்.
"கூரை ஒழுகுமா, அம்மணி?"
ஒழுகும் என்றேன்.
நிஜமாகவே ஒழுகுகிறது, குளியலறை மூலையில்.
பனி உருகினால் இன்னும்.