பதினோரு மைல்

இரவு இரண்டே கால்.
மயாமியில் ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
முப்பத்தொரு டிகிரி வளைகுடாவைப் பார்க்கிறோம்.
வெர்னா கரையேற இன்னும் ஐம்பது மணி நேரம்.

பழைய கணினி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது.
காற்றைக் கட்டம் கட்டமாக வெட்டி
வெப்பம், ஈரம், சுழற்சி
ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதி, தீர்த்து,
பக்கத்துக் கட்டத்தைக் கேட்டு, அழித்து
மறுபடி.

புதியது ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டது.
சமன்பாடு ஏதும் அதற்குத் தெரியாது.
நாற்பது வருட வானத்தைப் படித்திருக்கிறது:
இன்று இப்படியென்றால் நாளை அப்படி.
ஏன் என்று கேட்டால்
திரும்பவும் அதே கோட்டைக் காட்டும்.

அது டெக்சாஸ் என்கிறது. பழையது லூசியானா என்கிறது.
நடுவே நூற்றுப் பத்து மைல்.

லேக் சார்ல்ஸ் அலுவலகம் வழியாக ஒரு கேள்வி:
இறால் படகுக்காரர் ஓடிலோன் திபோதோ கேட்கிறார்,
படகைக் கிழக்கே ஓட்டவா, மேற்கேயா?

"புதியது பாதையில் கெட்டி,
பலத்தில் பூஞ்சை" என்கிறாள் யாமிலே.
"இவ்வளவு கோரத்தை அது அதிகம் பார்த்ததில்லை.
பார்க்காததை நம்பாது."

மூன்று மணிக்கு விமானம் கண்ணுக்குள் நுழைந்து
பாராசூட் கட்டிய குழாய் ஒன்றைப் போட்டது.
நாலு நிமிட ஆயுள்.
விழுந்துகொண்டே பேசியது,
கடல் தொட்டதும் நிறுத்தியது.
கடைசிச் சொல்: தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு மில்லிபார்.

அதை இரண்டுக்கும் ஊட்டினோம்.
விடியும்போது பழையது எழுபது மைல் மேற்கே நகர்ந்திருந்தது,
காற்றை நான்காம் வகைக்கு ஏற்றியிருந்தது.
புதியது அசையவே இல்லை.

பாதைக்கு இதை, பலத்துக்கு அதை.
கோடு போட்டது நான்.
கை நடுங்கவில்லை என்றால் பொய்.
ஓடிலோனுக்குச் சொல்லி அனுப்பினோம்:
கிழக்கே, மோர்கன் சிட்டி தாண்டி, நிற்காமல்.

வெர்னா என் கோட்டிலிருந்து பதினோரு மைல் தள்ளி ஏறியது.
பதினேழு வருடத்தில் என் மிகச் சிறிய பிழை.
யாமிலே கேக் வாங்கி வந்தாள்.
ஒரு துண்டைக் கணினியின் முன்னால் வைத்தார்கள்,
எதன் முன்னால் என்று ஒரு சின்னச் சண்டை.

நாலாம் நாள் ஓடிலோன் பேசினார்.
படகு பத்திரம்.
வீடிருந்த இடத்தில் தூண்கள் மட்டும்.
நான் தடுமாற,
"உங்களிடம் படகைப் பற்றித்தானே கேட்டேன்"
என்று சிரித்தார்.
பின்னால் என்ஜின் ஓடும் சத்தம்.

ஆப்பிரிக்கக் கரையில் இப்போது ஒரு மேகக் கூட்டம்.
இன்னும் பெயர் வைக்கவில்லை.
புதியது சொல்லிவிட்டது.
பழையது கணக்குப் போடுகிறது.
ஸ்வெட்டரை எங்கே வைத்தேன் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.