தொட்டிமேல் பலகை

விருந்துப் போதகர் எபிநேசர் நல்லையா
குழந்தை நெற்றியில் தெளிக்கிற சபைக்காரர்.
"முழுக்கைப் பற்றி மட்டும் வேண்டாம், ஐயரே"
என்று காட்பாடி ஜங்ஷனிலேயே,
பெட்டியை வாங்குமுன்,
சொல்லிவிட்டார் உதவிக்காரர் ஞானாபரணம்.

அவரும் வாய் திறக்கவில்லை.
யோனாவைப் பிரசங்கித்தார்.

அவர் நின்ற பலகைக்கு அடியில்
எங்கள் ஞானஸ்நானத் தொட்டி,
மே மாதப் பாலாறாய்க் காய்ந்து.
யோனா முங்க முங்க
அவர் கால் மாற்றினார்;
டொம் டொம் என்றது வெறுந்தொட்டி.
ஞானாபரணம் வேட்டி நுனியையே பார்த்திருந்தார்.

பிரியாணிப் பந்தியில் கேட்டார் போதகர்:
"நிரப்ப எத்தனை லாரி?"
"ஒன்றரை."
"எங்களுக்குச் சொம்பு போதும்."

பொருளாளர் சிரித்துப் புரையேறினார்.
அவர் தலையில் தட்டி
தண்ணீர் நீட்டியது ஞானாபரணம்தான்.

"அடுத்த வருஷமும் அழைப்பதா?"
தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்.
கேள்விக்குறியை
இதுவரை யாரும் அடிக்கவில்லை.