பொக்கை

கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார்கள்.
உள்ளே மடக்குக் கத்தி. கழுத்தில் நூல்,
நூலில் அட்டை. அட்டையில்
பாக்கிஸின் பெயர்கூட இல்லை, ஓர் எண்.

ஆறு வருடம் வாய் மூடிக் கிடந்திருக்கிறது.
நூல் பட்ட இடத்தில் மட்டும்
மோதிரம் போலத் துரு வளைந்திருந்தது.
செம்மறிக் கடாக் கொம்பில் பிடி. வறண்டு சுருங்கி
பித்தளை வளையத்தைவிட்டு
நகக்கண் அளவு விலகியிருந்தது.
பட்டாடாவில் கையால் அடித்தது. அடித்தவரின் இரண்டெழுத்தை
விரலால் தடவித்தான் படிக்க முடிந்தது.

பாலாடைக்கட்டி ஆலையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
பகலில் தூங்க வேண்டியவள்
சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்தேன்.

முதலில் ஆலிவ் எண்ணெய்.
கொம்பு குடித்தது. மறுநாளும் குடித்தது.
மூன்றாம் நாள் போதும் என்று
ஒரு சொட்டை வெளியே நிறுத்தியது.

பிறகு ஆணி.
இந்தக் கத்தியில் வில் கிடையாது, பூட்டு கிடையாது,
பிடிமானம் மொத்தமும் ஒரே ஆணி.
சுத்தியலில் ஒரு தட்டு குறைந்தால்
சட்டைப்பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும்.
ஒரு தட்டு கூடினால் திறக்கவே திறக்காது.
எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு தட்டு கூடியவர்கள்.

கடைசியில் வாய்.
நுனியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி
ஒரு பொக்கை.
எள்ளை வைத்தால் உட்காரும், அவ்வளவுதான்.

அந்த எள்ளுக்கு நீதிமன்றத்தில் மூன்று நாள் ஆனது.
நாற்பது மடங்கு பெரிதாக்கிச் சுவரில் காட்டினார்கள்.
குவாரி போல இருந்தது, லாரி போய்வரலாம்.
எலும்பு, என்றார் ஒருவர்.
வேலிக்கம்பி, என்றார் மற்றவர்.
பாக்கிஸும் கம்பி என்றான். அதன்பின்
வாய் திறக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஆந்தீனேக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது.
ஓசியேரி சாலை பெட்ரோல் பங்கில்
மீதி விரல்களால்தான் என் வண்டிக்கு நிரப்புகிறார்.
கேட்காமலே முன்கண்ணாடியையும் துடைத்துவிடுகிறார்.
அவர் சில்லறை எண்ணும்போது
நான் டயரைப் பார்ப்பேன்.

பொக்கையை மட்டும் தனியாக எடுக்க முடியாது.
அதன் ஆழத்துக்கு
வாய் முழுவதும் இறங்கியாக வேண்டும்,
ஒரு பாவமும் அறியாத இரும்பும் சேர்ந்து.

நானூறாம் நம்பர் கல். தண்ணீர்.
மூன்று நாணயத்தை அடுக்கி
முதுகை அதன்மேல் சாய்த்தால் வருகிற சரிவு.
இருநூறு இழுப்பு. திருப்பிப் போட்டு இருநூறு.
எள் பாதி எள் ஆனது.
கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் சேறு.
குழாயைத் திறந்துவிட்டேன்.
அரசுத் தரப்புச் சான்று, எண் பதினேழு,
பாத்திரம் கழுவிய தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தினேன்.
தெருவில் காஸ் சிலிண்டர் இறக்கும் சத்தம்.
யாரோ யாரையோ திட்டினார்கள்.
கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்தேன்.
மறுபடி நனைத்தேன்.

ஆயிரம். மூவாயிரம்.
கட்டைவிரல் தோலுக்கு மட்டும் தெரிகிற பிசிறு எழும்பியது.
அவன் விட்டுப்போன பெல்ட்டின் உட்புறத்தில்
இழுத்து இழுத்து உதிர்த்தேன்.
பதம் பார்க்க வேறு மரம் இல்லை.
தீட்டியவளின் முன்கையே போதுமாயிருந்தது.
ஓரங்குலம் வழுவழுப்பானது.

வியாழக்கிழமை இரண்டே கால் பஸ்ஸில் வந்தான்.
கத்தியைக் கையில் தராமல் மேஜையில் வைத்தேன்.
உறவு அறுந்துவிடாமலிருக்க
இருபது சென்ட் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்,
மறந்திருக்கவில்லை.
திறந்தான். ஜன்னல் பக்கம் திருப்பி
வாயோரமாகக் கண்ணை ஓட்டிக்கொண்டு போனவன்
நுனிக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றான்.
அங்கே ஒன்றும் இல்லாததை
நெடுநேரம் பார்த்தான்.

ஒரு பேரிக்காயை எடுத்துச் சீவினான்.
தோல் அறாமல் ஒரே நாடாவாக
தட்டில் சுருண்டது.

“கம்பிதான், தெக்லா” என்றான்.

நான் கேட்கவே இல்லை.
வண்டியில் பெட்ரோல் கால் டேங்க் இருந்தது.
ஞாயிறுவரை ஓடும்.