ஒரு கன அடிக் காற்று

இரவு ஷிப்ட் ஏழு மணிக்கு முடியும்.
பன்னிரண்டு மணி நேரம்
கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு.
ஒரு கன அடிக் காற்றில்
பத்துத் துகளுக்கு மேல் மிதந்தால்
சுவரில் சிவப்பு விளக்கு எரியும்.
அது எரியாமல் பார்த்துக்கொள்வதுதான்
எனக்குச் சம்பளம்.
பவுடர் கூடாது. மை கூடாது. பூ கூடவே கூடாது.
தும்மல் வந்தால்
கதவு வரை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டும்,
ஓடவும் கூடாது, ஓடினால் தூசி எழும்பும்.

பாயான் லெப்பாஸ் கார் நிறுத்துமிடத்தில்
என் சைக்கிள்
கழுவாமல் காத்திருக்கிறது.
போன வாரச் சேறு சட்டத்தில் காய்ந்து
யாரும் போகாத நாடுகளை வரைந்திருக்கிறது.
"நாலாயிரம் வெள்ளி கொடுத்தே,
நாலு வாளித் தண்ணி கொடுக்க மாட்டியா?"
பஸ்சுக்கு நிற்கும் சந்திரவதனி
வாரம் தவறாமல் கேட்பாள்.

தெலுக் கும்பார் தாண்டி மேடு.
மண் லாரிகள் என்னை உரசிப் போகும்.
துரியான் மரங்களுக்கடியில் வலைகள்,
வளைவில் ஒரு நாய், தினமும் அதே நாய்,
தினமும் புதிதாகக் கோபப்படும்.
பிறகு இறக்கம், பாலிக் புலாவ்,
பாதிப் பொட்டலம் நாசி லெமாக்,
மீதி சட்டைப் பைக்குள்.

சுங்கை பூரோங்கில் தார் முடிகிறது.
அங்கே சத்தம் மாறும்.
தாரில் முணுமுணுத்த சக்கரம்
சரளையில் அரிசி களையத் தொடங்கும்.
டயரில் முப்பதுக்கு மேல் காற்று வைப்பதில்லை.
கல்லோடு சண்டை போடும் டயர் வேண்டாம் எனக்கு,
விழுங்கிக்கொண்டு போகிற டயர் போதும்.

இடப்பக்கம் வாய்க்கால்,
வலப்பக்கம் பால் பிடிக்காத நெல்.
வாய்க்கால் வளைவதே இல்லை.
நேர்கோடு தூங்க வைக்கும்,
அதுவும் இரவெல்லாம் விழித்தவளை.
கொக்கு ஒன்று, கொக்கு இரண்டு,
மதகு,
கொக்கு...

உடும்பு குறுக்கே வந்தபோது
நான் எத்தனையாவது கொக்கில் இருந்தேனோ.
பிரேக். பின் சக்கரம் ஒரு பக்கம்,
நான் ஒரு பக்கம்.
உடும்பு அவசரமே இல்லாமல் தண்ணீரில் இறங்கியது.

டயரில் ஊசிக்கல்.
துளை வழியே சீலண்ட் வெள்ளையாய்ச் சீறியது.
முகர்ந்தால் ரப்பர் பால்.
எங்கள் ஆட்கள் இதை மூன்று தலைமுறை
வாளியில் சுமந்தார்கள்.
என்னைச் சுமக்க
இப்போதுதான் இதற்கு முறை வந்திருக்கிறது.
துளை கீழே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி
பால் உறையட்டும் என்று
கரையில் மல்லாந்து படுத்தேன்.

கண்ணுக்கு மேல், இரண்டு கையாலும்
ஒரு கன அடிக் காற்றை அளந்தேன்.
வழக்கம் விடவில்லை.
வைக்கோல் எரித்த சாம்பல் ஒன்று.
நெற்பூவின் பொடி, தோராயமாக ஐந்து.
கொசு ஒன்று, கணக்கில் சேருமா?
என் சட்டையிலிருந்து செம்மண்
எண்ண எண்ணக் கூடியது.
கடல் பக்கத்து உப்பு கண்ணுக்குத் தெரியாது,
உதட்டுக்குத் தெரிந்தது.
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
எந்த விளக்கும் எரியவில்லை.

புல்லுக்கட்டோடு மோட்டாரில் வந்த மலாய்க்காரி
எஞ்சினை அணைக்காமல் கேட்டாள்:
"செத்துட்டியா?"
"இல்ல, ஓய்வு."
"வீட்டில் கட்டில் இல்லையா?"
பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.
அவள் கிளப்பிய புழுதி
என் மேல் மெதுவாக இறங்கியது,
ஒன்றும் விடாமல்.

சாயங்காலம் ஏழு.
மூன்று முறை குளித்தாயிற்று.
காற்றறையில் கைகளைத் தூக்கி
ஒரு சுற்றுச் சுற்றி
உள்ளே வந்தேன்.
சுவரில் எண்: நான்கு.
முழங்கால் பிளாஸ்திரிக்குள்
எடுக்க வராத ஒரு செம்மண் துளி.
எடுக்க வராத என்றா சொன்னேன்?

அடுத்த மேசையில் வதனி நிமிர்ந்தாள்.
"என்னடி சிரிக்கிறே?"

முகமூடி மூக்குக்கு மேல் வரை இருக்கிறது.